மார்ச் மாதத்து ஹோம் ரன்னை நம்பலாமா?

கேள்வி: மகன் டல்லாஸில், நான் கோபியில். ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணியின் சீசன் முதல் நாள் ஆட்டக்காரர் பட்டியலை யார் சரியாகச் சொல்வது என்று எங்களுக்குள் பந்தயம். சீசனுக்கு முந்தைய மார்ச் மாதப் பயிற்சி ஆட்டங்களில் நன்றாக அடிப்பவரைத்தானே எழுத வேண்டும்?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாமுங்க. ஈரோட்டில் காலை ஐந்தரைக்கே எழுந்து இந்த ஆட்டங்களைப் பார்க்கிறவன் சொல்கிறேன், அந்த ஸ்கோரை ஓரமாக வையுங்கள். ரேஞ்சர்ஸ் பயிற்சி ஆட்டங்கள் ஆடும் அரிசோனாவின் வறண்ட காற்றில் பந்து கூடுதலாகப் பறக்கும்; வேலியைத் தாண்டினால் அது ஹோம் ரன். பின்பாதியில் வீசுபவர்களில் பலர் மைனர் லீக், அதாவது கீழ்நிலை அணிகளின் பையன்கள்.

முதல் நாள் பட்டியலில் இடம் 26தான், பந்து வீசுபவர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. பெரும்பாலான பெயர்கள் பிப்ரவரியிலேயே தெரிந்துவிடும். போட்டியெல்லாம் கடைசி மூன்று நான்கு இடங்களுக்குத்தான்.

அங்கே, காங்கயம் காளை வாங்கப் போனவர் பல்லைப் பார்ப்பதுபோல, ஆப்ஷன் கணக்கைப் பாருங்கள். அந்த 26 பேரையும் உள்ளடக்கிய, அணியின் 40 பேர் பட்டியலில் உள்ளவரைப் பொதுவாக மூன்று சீசன்களில் மைனர் லீக்குக்கு அனுப்பித் திரும்ப அழைக்கலாம்; இதுதான் ஆப்ஷன். அது தீர்ந்தவரை அனுப்ப, முதலில் வேவர்ஸில், அதாவது மற்ற அணிகள் கேட்டு எடுக்கும்படி, விட வேண்டும். வேறு அணி தூக்கிக்கொண்டு போய்விடலாம். எனவே இருவர் ஏறக்குறைய சமம் என்றால் ஆப்ஷன் தீர்ந்தவரையே எழுதுங்கள். நன்றாக ஆடிய இளைஞன் இதனால் வெளியே நிற்பது எனக்கு ஒவ்வொரு ஆண்டும் மனசுக்குக் கஷ்டம்தான்.

அப்புறம், அந்த 40க்கு வெளியிலிருந்து ஒருவரை எழுதினால், அவருக்கு இடம் தர யாரை நீக்குவார்கள் என்பதையும் யோசியுங்கள். யாராவது 60 நாள் காயப் பட்டியலுக்குப் போனால் அந்த 40இல் ஓர் இடம் காலியாகும். அதனால் உங்கள் பட்டியலைப் பயிற்சி ஆட்டங்களின் கடைசி வாரத்தில் கொடுங்கள்.