ஒளியும் நிழலும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என்னிடம் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் இருக்கிறது. அதிலேயே பின்னணி அழகாக மங்குகிறது. பிறகு எதற்கு லென்ஸ்பேபி போன்ற சாய்க்கும் லென்ஸ்? செயலியிலேயே மங்கலாக்கிவிடலாமே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பூக்கடையில் இருவர் அருகருகே உட்கார்ந்து மாலை கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லென்ஸில் ஒருவர்மேல் ஃபோகஸ் செய்தால், அதே தொலைவில் இருக்கும் மற்றவரும் தெளிவாக விழுவார். என்னிடமுள்ள ஸ்வீட் 50 என்ற லென்ஸ்பேபி லென்ஸ் அப்படியல்ல. ஒரு சிறு வட்டம் மட்டுமே தெளிவாக இருக்கும். அதற்கு வெளியே, அதே தொலைவில் இருப்பதும்கூட ஓரத்தை நோக்கி இழுபட்டுக் கரையும். லென்ஸைச் சாய்க்கும் பக்கம் வட்டமும் நகரும்.

சென்ற மார்கழியில் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அதைக் கொண்டுபோனேன். லென்ஸின் துளை முழுதும் திறந்திருக்கும் எஃப்/2.5-இல் வட்டம் மிகச் சிறியது. முதல் ஒரு மணி நேரப் படங்கள் ஒன்றும் தேறவில்லை. துளையைச் சுருக்கி எஃப்/4-க்கு மாற்றி, வட்டம் சற்றுப் பெரிதான பிறகுதான், நார் சுற்றும் ஒரு பாட்டியின் இரண்டு விரல்கள் வட்டத்துக்குள் நின்றன. அவர் முகம் கரைந்துபோனதில் எனக்கு வருத்தமே இல்லை. அத்தனை ஆண்டுப் பழக்கமும் அந்த விரல்களில்தான் இருந்தது.

செயலி, எடுத்து முடித்த படத்தின்மேல் வேலை செய்கிறது. இங்கே எதை விடப்போகிறோம் என்பதை, பாட்டி அடுத்த முடிச்சுப் போடுவதற்குள் முடிவு செய்தாக வேண்டும். அந்தப் பதற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1840-இல் வியன்னாவில் யோசெப் பெட்ஸ்வால் வடிவமைத்த லென்ஸிலும் நடுவில் தெளிவு, ஓரத்தில் கரைவுதான். அதைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆட்டோஃபோகஸ் கிடையாது. முதலில் சாய்த்து வட்டத்தை இடத்தில் நிறுத்துங்கள். அதன் பிறகே ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். வரிசை மாறினால் தெளிவு நழுவிவிடும்.

உடனே வாங்க வேண்டாம். உங்கள் லென்ஸின் ஃபோகஸை முடிவிலியில் (∞ குறியில்) வைத்துக் கழற்றி, கேமராவின் வாயருகே கையால் பிடித்துச் சற்றே சாய்த்து, கிட்டத்தில் இருக்கும் ஒரு பூவை எடுத்துப் பாருங்கள். வட்டம் வராது, சாய்ந்த பட்டையாகத்தான் தெளிவு விழும். ஆனாலும் ருசி தெரிந்துவிடும். இதை வீட்டுக்குள் மட்டும் செய்யுங்கள். கடைத்தெருத் தூசி, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் ஒட்டிக்கொண்டால் சுத்தம் செய்வது பெரும்பாடு.