30 நாள் கெடுவில் மழை நாளும் ஓடும்

கேள்வி: என் வீட்டுக்காரர் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். பத்து வருஷமாக இடுப்பு வலி. மார்த்தாண்டத்தில் ஒரு இலவச முகாமில், பேட் ஒட்டி லேசாகக் கரண்ட் விடும் மெஷினை வைத்துப் பார்த்தார். சுகமாக இருக்கிறதாம். விலை ரூ.18,500. '30 நாளில் குணமாகாவிட்டால் பணம் வாபஸ்' என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகக் குனிந்து நிமிர்பவருக்கு, அரை மணி நேரம் படுக்கக் கிடைத்தாலே சுகம்தான்.

இது டென்ஸ் என்கிற வகை. ஓடும்போது சிலருக்கு வலி மட்டுப்படும், நிறுத்தினால் திரும்பும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு டென்ஸையும் இடுப்பு பெல்ட்டையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. 'குணமாகும்' என்பது வியாபாரப் பேச்சு. என்னைக் கேட்டால் வேண்டாம்.

அவர் பிடிவாதமாக இருந்தால் சோதித்துவிடுங்கள். வாங்கும் முன் இரண்டு வாரம், வாங்கிய பின் இரண்டு வாரம். வலிக்கு மார்க் போடச் சொல்லாதீர்கள். காசு கொடுத்த மனசு வலியைக் குறைத்துத்தான் போடும். எத்தனையாவது மரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று தினமும் காலண்டரில் குறியுங்கள். அதுவும் வெட்டு நடக்கும் நாளில் மட்டும். மழையில் வெட்டு நின்றாலோ, இலை உதிரும்போது மரத்துக்கு ஓய்வு விட்டாலோ வலி தானாகத் தணியும், பேர் மெஷினுக்குப் போகும். வெட்டு கீழே இறங்க இறங்கக் குனிவும் கூடும். இடையில் உயரத்தில் புது வெட்டு தொடங்கினால் அந்தக் கணக்கையும் தூக்கிப் போடுங்கள். ஆகவே மழைக்காலத்தில் வாங்கவே வாங்காதீர்கள், 30 நாள் கெடு சும்மா கரைந்துவிடும்.

வாபஸ் வாக்கு பில்லிலேயே இருக்க வேண்டும், நிரந்தர முகவரியோடு. முகாமைப் பிரித்துக்கொண்டு போனபின் யாரைத் தேடுவீர்கள்? எழுதித் தந்தும் இழுத்தடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் இந்த மெஷின் ஆகாது. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ, மெஷினை ஓரமாக வைத்துவிட்டு அன்றே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.