ரூட் அக்கவுன்டுக்கு எந்த ஷெல்? – கேள்வி பதில்

பெருங்குடியிலிருந்து: அண்ணா, பழைய ஃபிரீபிஎஸ்டி (லினக்ஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்) சர்வர் ஒண்ணு என் தலையில விழுந்திருக்கு. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் அக்கவுன்டுக்கு ஷெல்லா (நாம அடிக்கிற கமாண்டை வாங்கி ஓட்டுற புரோகிராம்) சிஎஸ்எச் இருக்கு, கைக்கு வரவே மாட்டேங்குது. பாஷ் ஷெல்லுக்கு மாத்திடவா?

பதில்: வேண்டாம் தம்பி. லினக்ஸ்ல பாஷ் பெரும்பாலும் சிஸ்டத்தோடயே வரும். ஃபிரீபிஎஸ்டியில அது நாம தனியா போடுற பேக்கேஜ். உட்கார்ற இடம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின். அந்த பார்ட்டிஷன் மவுன்ட் ஆகலைன்னாலோ, அப்கிரேடுல அதுக்கு வேண்டிய லைப்ரரி காணாமப் போனாலோ, பாஸ்வேர்டு சரியா அடிச்சும் உள்ள போக முடியாது. ரூட் தேவைப்படுறதே அந்த மாதிரி நேரத்துலதான். டிசம்பர் மழையில வேளச்சேரியைத் தாண்டி சிறுசேரி டேட்டா சென்டர் வரைக்கும் போகணும்னா யோசிச்சுப் பாருங்க. சிஎஸ்எச் பிடிக்கலைன்னா /பின்/எஸ்எச் வைங்க. 2023 நவம்பர்ல வந்த 14ஆம் பதிப்புல அவங்களே ரூட்டுக்கு அதைத்தான் வச்சிருக்காங்க.

கிண்டியிலிருந்து: அதே ஃபிரீபிஎஸ்டியில ‘டூர்’ (toor)னு ஒரு அக்கவுன்ட் பார்த்தேன் சார். யாராவது உள்ள புகுந்துட்டாங்களா?

பதில்: பயப்படாதீங்க. ஆங்கிலத்துல ரூட்டைத் (root) திருப்பிப் போட்ட பேர், யூஐடி (சிஸ்டம் யூசரை அடையாளம் காணுற நம்பர்) ரூட்டோட அதே 0. ரூட்டோட ஷெல்லைத் தொடாம, பிடிச்ச ஷெல்லை இதுக்கு வச்சுக்கலாம்னுதான் குடுத்திருக்காங்க. பாஸ்வேர்டு வைக்கிற வரைக்கும் பூட்டியே இருக்கும். எனக்கென்னவோ உங்க சொந்த அக்கவுன்ட்ல சூடோ (ரூட் அதிகாரத்தோட கமாண்டை ஓட்டுறது) போட்டு வேலை செய்யுறதுதான் பிடிக்கும். யூஐடி 0 ரெண்டு இருந்தா ஆடிட்டருக்கு வேற விளக்கம் சொல்லணும்.

அம்பத்தூரிலிருந்து: நான் ஏற்கெனவே மாத்தி மாட்டிக்கிட்டேன். டெபியன் லினக்ஸ் மெஷின், ரூட் ஷெல்லோட பாதையில ஒரு எழுத்து தப்பு.

பதில்: சூடோ உள்ள யூசர் இருக்கா? அதுல நுழைஞ்சு ‘சூடோ விஐபிடபிள்யூ’ (sudo vipw, யூசர் பட்டியல் ஃபைலைத் திறக்கிற கமாண்ட்) அடிச்சு, ரூட் வரியோட கடைசியில இருக்கிற பாதையைத் திருத்துங்க. ஷெல் மாத்துற கமாண்டான சிஎச்எஸ்எச்சை நம்பாதீங்க, இப்ப இருக்கிற ஷெல் /ஈடிசி/ஷெல்ஸ் பட்டியல்ல இல்லைன்னா அது முரண்டு பிடிக்கும். இனிமே ஷெல் மாத்தினா, இன்னொரு டெர்மினல்ல லாகின் ஆகிப் பார்க்குற வரைக்கும் பழைய செஷனை மூடவே கூடாது.

தரமணியிலிருந்து: என் சொந்த அக்கவுன்டுக்கு ஃபிஷ் ஷெல் வைக்கலாமா?

பதில்: தாராளமா. ஆனா எஸ்எஸ்எச் (வேற மெஷின்லேருந்து நெட்வொர்க்ல நுழையுற வழி) வழியா அனுப்புற கமாண்ட் எல்லாம் லாகின் ஷெல் மூலமாத்தான் ஓடும். ஃபிஷ்ஷோட இலக்கணம் வேற, அதனால எஸ்எச்சை நம்பி எழுதின ஸ்கிரிப்ட் பாதியில நின்னுடலாம். லாகினுக்கு பாஷ் இருக்கட்டும். டெர்மினல் செட்டிங்ஸ்ல ஃபிஷ்ஷைக் குடுத்துடுங்க.