வாசகர் கேள்வி – பதில்: பனித்தரையில் ஐந்து மாதங்கள்

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், ஆண்களுக்கும் பெண்களுக்குமான உலகக் கிண்ண வேகச் சறுக்கல் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நாடு நாடாகச் சென்று நடைபெறுவதைப் பற்றிச் சிறு குறிப்பொன்றை வெளியிட்டிருந்தோம். ஐஸ் என்றால் குளிர்களிக் கடையை மட்டுமே நினைக்கும் யாழ்ப்பாணத்தில் இதை யார் வாசிப்பார்கள் என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் கேட்டதும் உண்மை. ஆனால் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அவற்றுட் பெரும்பாலானவை பிள்ளைகள் நோர்வேயிலும் கனடாவிலும் வாழும் வீடுகளிலிருந்து வந்தவை. இடமுள்ள அளவுக்குச் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: உலகக் கிண்ணம் என்றால் நாம் அறிந்தவை துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும்தான். அவற்றில் இறுதியாட்டம் ஒன்று உண்டு. இறுதியாட்டமே இல்லாத போட்டியில் வென்றவர் யார் என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற அதிபர், கோப்பாய்

பதில்: உங்கள் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கிடைக்கும் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் கரும்பலகையில் எந்த இல்லத்தின் எண் பெரிதாக நிற்கிறதோ அந்த இல்லத்துக்குக் கேடயம் போகிறது. இங்கும் அதே கணக்குத்தான். ஆனால் கரும்பலகை ஒன்றல்ல, ஒவ்வொரு தூரத்துக்கும் தனித்தனியாக ஒன்று. 500, 1000, 1500 மீற்றர் ஆகிய தூரங்களில் இருபாலாரும் போட்டியிடுகிறார்கள். நீண்ட தூரங்கள் பெண்களுக்கு 3000 மற்றும் 5000 மீற்றர், ஆண்களுக்கு 5000 மற்றும் 10,000 மீற்றர்; இவற்றுக்கு மட்டும் இரண்டு தூரங்களையும் சேர்த்து ஒரே கரும்பலகை. அண்மைய பருவங்களின் விதிப்படி முதலிடத்துக்கு 60 புள்ளிகள், இரண்டாமிடத்துக்கு 54, மூன்றாமிடத்துக்கு 48 என்று இறங்கிக்கொண்டே போகிறது. வலுவானவர்கள் 'ஏ' பிரிவிலும் ஏனையோர் 'பி' பிரிவிலும் சறுக்க, 'பி' பிரிவில் முந்துபவர் 'ஏ' பிரிவுக்கு உயர்கிறார். நெதர்லாந்தின் ஹேரன்வேன், நோர்வேயின் ஹாமர், போலந்தின் தோமாஷுவ் மசோவியெட்ஸ்கி, கனடாவின் கல்கரி, அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றி என்று வார இறுதிகளில் களம் மாறிக்கொண்டே இருக்கும். இந்த முறை 1985–86 பருவத்தில் தொடங்கியது.

ஒலிம்பிக் பதக்கத்தை விட இந்தப் புள்ளிப் பட்டியலே ஒரு சறுக்கு வீரரின் உண்மையான தரத்தைக் காட்டுகிறது என்பது எமது கருத்து. மாற்றுக் கருத்து உடையவர்கள் எழுதலாம். கனடாவின் ஜெரமி வொதர்ஸ்பூன் உலகக் கிண்ணத்தில் 67 தனிநபர் வெற்றிகளைப் பெற்றவர். தம் காலத்தில் குறுந்தூரத்தில் அவருக்கு நிகராக வேறெவரையும் சொல்வது கடினம். அப்படிப்பட்டவர் 2002 சோல்ட் லேக் சிற்றி ஒலிம்பிக்கின் 500 மீற்றரில், புறப்பட்ட ஒருசில எட்டுகளிலேயே தடுமாறி விழுந்தார். அவருடைய வாழ்நாள் முழுவதற்கும் கிடைத்த ஒரே ஒலிம்பிக் பதக்கம் 1998 நாகனோவில் பெற்ற வெள்ளிதான். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஒரு நாளில் கால் இடறியவரைத் தோற்றவர் என்று பதிவு செய்வதும், குளிர்காலம் தோறும் நாடு நாடாகச் சென்று வென்றவரைப் பலர் மறந்துவிடுவதும் நியாயமாக எமக்குத் தோன்றவில்லை.

கேள்வி: மெய்வல்லுநர் போட்டியில் 400 மீற்றர் ஓடுபவர்கள் தத்தம் சுவட்டிலேயே ஓடி முடிக்கிறார்கள், வெளிச்சுவட்டில் ஓடுபவருக்குத் தூரம் கூடாதிருக்க, புறப்படும் கோடுகளை முன்னும் பின்னுமாகப் போடுகிறோம். இதிலோ இருவரும் நடுவழியில் சுவடு மாறுகிறார்களே, மோதிக்கொள்ள மாட்டார்களா?
– உடற்கல்வி ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: இந்த ஓட்டங்களில் ஒரு தடவைக்கு இருவர் மட்டுமே சறுக்குகிறார்கள்; எல்லோருடைய நேரங்களையும் ஒப்பிட்டே வென்றவரைத் தீர்மானிக்கிறார்கள். சில ஓட்டங்கள் பல சுற்றுகள் நீள்வதால், தொடக்கக் கோட்டை மாற்றிப் போட்டு மட்டும் இருவருக்கும் சமநீதி செய்துவிட முடியாது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை, எதிர்ப்பக்க நேர்ப்பாதையில், உட்சுவட்டில் வந்தவர் வெளிச்சுவட்டுக்கும் வெளிச்சுவட்டில் வந்தவர் உட்சுவட்டுக்கும் மாற வேண்டும். ஒரு சுற்றில் ஒருவருக்கு ஓர் உள்வளைவும் ஒரு வெளிவளைவும் கிடைப்பதால் இருவரும் கடக்கும் தூரம் சரியாகிவிடுகிறது. இருவரும் ஒரே கணத்தில் மாறுமிடத்தை அடைந்தால் வெளிச்சுவட்டிலிருந்து உள்ளே வருபவருக்கே முன்னுரிமை. உட்சுவட்டிலிருந்து வெளியேறுபவர் வழிவிட வேண்டும், மோதல் ஏற்பட்டால் பொறுப்பும் அவருடையதே.

உங்களைப் போன்ற பயிற்றுநர்கள் அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2010 வன்கூவர் ஒலிம்பிக்கின் 10,000 மீற்றரில் நெதர்லாந்தின் ஸ்வென் கிராமர் எவராலும் எட்ட முடியாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். மாறுமிடத்தில் நின்ற அவருடைய பயிற்றுநர் ஜெராட் கெம்கெர்ஸ், கிராமர் வெளிச்சுவட்டுக்குப் போகவேண்டிய சுற்றில், உள்ளே போகும்படி சைகை காட்டிவிட்டார். வெளியே காலெடுத்து வைக்கவிருந்த கிராமர் கடைசிக் கணத்தில் உள்ளே திரும்பினார். மிச்சச் சுற்றுகளையும் முடித்து, எல்லோரையும் விடக் குறைந்த நேரத்தில் கோட்டைத் தாண்டிக் கைகளை உயர்த்திய பின்னரே தாம் தகுதி நீக்கப்பட்டதை அறிந்துகொண்டார். தங்கம் தென்கொரியாவின் லீ சூங்-ஹூனுக்குப் போயிற்று; கிராமரின் நேரமோ அவருடையதை விட ஏறத்தாழ 4 செக்கன் குறைவானது. அதற்குப் பிறகும் அந்தப் பயிற்றுநரும் வீரரும் சேர்ந்தே தொழிற்பட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: கல்கரியில் இருக்கும் மகள், 'இங்கே சறுக்கினால் சாதனை விழும்' என்று பெருமையாகச் சொல்கிறாள். ஐஸ் எங்கும் ஐஸ் தானே?
– தாய் ஒருவர், மானிப்பாய்

பதில்: மகள் சொல்வதில் பிழையில்லை. ஆனால் காரணம் ஐஸில் இருப்பதை விடக் காற்றிலேயே அதிகம் இருக்கிறது. 500 மீற்றரை 34 செக்கனில் முடிக்கும் ஒருவரின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 53 கிலோமீற்றர். அந்த வேகத்தில் அவருடைய பலத்தின் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதிலேயே செலவாகிறது. முதுகைத் தரைக்குச் சமாந்தரமாக வளைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர்கள் போவதன் காரணமும் இதுதான். கல்கரி கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. சோல்ட் லேக் சிற்றியின் சறுக்கரங்கு ஏறத்தாழ 1425 மீற்றர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக் காற்று ஐதாகிறது, தடையும் குறைகிறது. மூச்சு வாங்குவது கடினமாவது மெய்தான். ஆயினும் குறுந்தூரங்களில் இழப்பை விட ஆதாயமே மிகுதி.

2019 மார்ச் மாதத்தில் சோல்ட் லேக் சிற்றியில் நடந்த பருவ இறுதியைச் சான்றாகக் காட்டலாம். அந்த ஒரே வார இறுதியில் ரஷ்யாவின் பாவெல் குலிஷ்னிகோவ் 500 மீற்றரை 33.61 செக்கனிலும், அமெரிக்காவின் பிரிற்றனி போ பெண்களுக்கான 1000 மீற்றரை 1 நிமிடம் 11.61 செக்கனிலும், செக் நாட்டின் மார்ட்டினா சாப்லிகோவா 3000 மீற்றரை 3 நிமிடம் 52.02 செக்கனிலும் முடித்து உலக சாதனை படைத்தார்கள். ஜப்பானின் மிஹோ தகாகி 1500 மீற்றரை 1 நிமிடம் 49.83 செக்கனில் முடித்து, 1 நிமிடம் 50 செக்கனுக்குள் அத்தூரத்தைக் கடந்த முதற் பெண்ணானார்.

கேள்வி: இந்த விளையாட்டில் பெண்களுக்குச் சம இடம் உண்டா, அல்லது பெயருக்குத்தானா?
– உயர்தர மாணவி, பருத்தித்துறை

பதில்: இன்றைய உலகக் கிண்ணத்தில் இருபாலாரும் ஒரே வார இறுதியில், ஒரே அரங்கில், ஒரே புள்ளி முறையில் போட்டியிடுகிறார்கள். ஆனால் அந்த நிலை வர நீண்டகாலம் எடுத்தது. 1892 இல் சர்வதேசச் சறுக்கல் ஒன்றியம் உருவாகி, அடுத்த ஆண்டே ஆண்களுக்கான உலக வாகையர் போட்டியை ஆம்ஸ்ரடாமில் நடத்தியது. பெண்களுக்கான உலக வாகையர் போட்டிக்கு 1936 வரை அதிகாரபூர்வ ஏற்பு இருக்கவில்லை. ஒலிம்பிக்கிலும் ஆண்கள் 1924 இலேயே நுழைந்துவிட, பெண்கள் 1932 இல் காட்சிப் போட்டியாளர்களாக மட்டும் அழைக்கப்பட்டு, பதக்கத்துக்குப் போட்டியிட 1960 வரை காத்திருந்தார்கள். பெண்களுக்கான 5000 மீற்றர் 1988 இல்தான் சேர்க்கப்பட்டது. 10,000 மீற்றர் இன்றுவரை ஆண்களுக்கே உரியதாக இருப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எமக்குத் தென்படவில்லை.

நீங்கள் அறிய வேண்டிய பெயர் நெதர்லாந்தின் இரீன் வூஸ்ட். 2006 முதல் 2022 வரை நடைபெற்ற ஐந்து ஒலிம்பிக்குகளிலும் தனிநபர் தங்கம் வென்றவர் அவர். கோடைகால ஒலிம்பிக்கையும் சேர்த்துப் பார்த்தாலும் அவருக்கு முன் அதைச் செய்தவர் எவரும் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குதிப் பக்கம் தகட்டிலிருந்து விடுபட்டு, விரற்பக்கம் மட்டும் கீலினால் பிணைக்கப்பட்டிருக்கும் சறுக்குக் காலணியை ஆம்ஸ்ரடாம் பல்கலைக்கழகமொன்றின் ஆய்வாளர்கள் 1980களில் உருவாக்கினார்கள். குதி உயர்ந்த பின்னும் தகடு ஐஸை விட்டு நீங்காததால் உந்தல் சற்று நேரம் நீடிக்கிறது. முன்னணி ஆண்கள் இதை ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, 1996–97 பருவத்தில் நெதர்லாந்துப் பெண்கள் துணிந்து அணிந்துகொண்டார்கள். ரோனி டி யோங் 1997 இல் ஐரோப்பிய வாகையரானார். மறு ஆண்டு நாகனோ ஒலிம்பிக்கில் ஆண்களும் அதையே அணிந்து நின்றார்கள்.

கேள்வி: எங்கள் கோட்டையை ஆண்ட ஒல்லாந்தர் இந்த விளையாட்டில் மட்டும் ஏன் இவ்வளவு பலசாலிகள்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 1658 இலிருந்து 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்களின் நாடு கால்வாய்களால் நிறைந்தது; அவை உறைந்தால் அதுவே தெரு. வடக்கே ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் 11 நகரங்களை இணைத்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் சறுக்கும் பந்தயம் 1909 முதல் 15 தடவைகள் நடந்திருக்கிறது. வழி நெடுகிலும் ஐஸ் 15 சென்ரிமீற்றர் தடிப்பாக இருந்தாலொழிய அதை நடத்த மாட்டார்கள். 1997 ஜனவரிக்குப் பிறகு அப்படி ஒரு குளிர்காலம் வாய்க்கவேயில்லை. அதே மாகாணத்தின் ஹேரன்வேனில் உள்ள தியால்ஃப் அரங்குக்கு 1986 இல் கூரை போடப்பட்டதால் கால்வாய் உறைந்தாலும் உறையாவிட்டாலும் பயிற்சி நிற்பதில்லை. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டுக்கு வழங்கப்பட்ட 36 பதக்கங்களில் 23 ஐ அவர்களே எடுத்துச் சென்றார்கள். மற்ற நாடுகளுக்கு இது சலிப்பூட்டியிருந்தால் வியப்பில்லை.

கேள்வி: வெயில் கொளுத்தும் ஊரில் பிறந்த பிள்ளை ஒன்று இதில் சாதிக்க முடியுமா?
– தந்தை ஒருவர், சுன்னாகம்

பதில்: அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஒகாலா ஒரு வெப்பமான ஊர். மேலே குறிப்பிட்ட பிரிற்றனி போவும், எரின் ஜக்சனும், ஜோயி மன்ரியாவும் அந்த ஒரே ஊரில் சில்லுக் காலணி அணிந்து தரையில் ஓடிப் பழகிய பின்னரே ஐஸுக்குப் போனவர்கள். 2022 ஒலிம்பிக்குக்கான தெரிவுப் போட்டியில் ஜக்சன் 500 மீற்றரில் இடறி மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். அந்தப் பருவத்தின் உலகக் கிண்ணத்தில் மிக வேகமானவர் ஜக்சன்தான் என்பதை அறிந்த போ, தாம் பெற்ற இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். பெய்ஜிங்கில் ஜக்சன் தங்கம் வென்று, குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் பெற்ற முதற் கறுப்பினப் பெண்ணானார். தனக்கும் அந்தப் போட்டியில் ஓர் இடம் பிறகு கிடைத்தபடியால் போவும் அதில் கலந்துகொண்டார். பெல்ஜியத்தின் பார்ட் சுவிங்ஸும் சில்லுக் காலணியில் வாகை சூடிய பின், அதே பெய்ஜிங்கில், பலர் ஒன்றாகப் புறப்படும் கூட்டு ஓட்டத்தில் தங்கம் வென்றவர்.

ஆனால் உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை. இலங்கையில் 400 மீற்றர் பனிப்பாதை எதுவும் இல்லை. சில்லுக் காலணியில் தொடங்குவதற்கே குழியற்ற, வாகனம் வராத, வழுவழுப்பான தளம் வேண்டும். எங்கள் ஒழுங்கைகளைப் பார்த்த எவரும் அந்த அறிவுரையைத் துணிந்து சொல்ல மாட்டார்கள். இப்போதைக்கு உங்கள் பிள்ளைக்கு மிதிவண்டி ஓட்டமே பொருத்தமான பயிற்சி. இரண்டுக்கும் தொடைத் தசையும் நுரையீரலுமே மூலதனம் என்பதால், பல சறுக்கு வீரர்கள் கோடை முழுவதும் மிதிவண்டியிலேயே கழிக்கிறார்கள்.

கேள்வி: ஒஸ்லோவில் அண்ணர் வீட்டில் நின்றபோது தொலைக்காட்சியில் 10,000 மீற்றர் பார்த்தேன். 25 சுற்றுகள்! அரைவாசியில் தூங்கிவிட்டேன். அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?
– வாசகர், காரைநகர்

பதில்: வீரரைப் பாராமல் திரையின் ஓரத்தில் வரும் சுற்று நேரத்தைப் பாருங்கள். 2022 பெய்ஜிங்கில் சுவீடனின் நில்ஸ் வான் டெர் பூல் இத்தூரத்தை 12 நிமிடம் 30.74 செக்கனில் முடித்து உலக சாதனை படைத்தார். கணக்குப் பார்த்தால் சுற்றொன்றுக்குச் சராசரி 30 செக்கன். நிலையிலிருந்து புறப்படுவதால் முதற் சுற்று மெதுவாகவே இருக்கும் என்பதை நினைத்தால், மிச்சம் 24 சுற்றுகளில் எந்த அளவுக்குத் தளராமல் இருந்திருக்க வேண்டும் என்பது விளங்கும். களைத்தவருக்கு 30 என்பது 31 ஆகும், பிறகு 32 ஆகும். அது எந்தச் சுற்றில் தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே பார்வையாளரின் வேலை. அந்தச் சாதனையை இத்தாலியின் டாவிடே கியோட்டோ 2025 ஜனவரியில், உலகக் கிண்ணப் போட்டியொன்றில், 12 நிமிடம் 25.69 செக்கனாகக் குறைத்தார். இடம், மானிப்பாய் வாசகியின் மகள் வாழும் அதே கல்கரி.