இருவரும் சேர்ந்து விழிக்க வேண்டாம்

கேள்வி: எங்களுக்கு முதல் குழந்தை பிறந்து நான்கு வாரம் ஆகிறது. பெண் குழந்தை. ராத்திரி ஒவ்வொரு முறை அவள் அழும்போதும் நானும் மனைவியும் சேர்ந்தே எழுந்துவிடுகிறோம். சாயங்காலமானால் காரணமே தெரியாமல் இரண்டு மணி நேரம் கத்துகிறாள். தனக்குப் பால் போதவில்லை என்று மனைவி அழுகிறார். நான் தூக்கினால் குழந்தை இன்னும் வீறிடுகிறது. எங்களுக்குள் இதுவரை வராத சண்டையெல்லாம் வருகிறது. எங்கே தப்பு செய்கிறோம்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் ‘சேர்ந்தே எழுந்துவிடுகிறோம்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். முதலில் அதை மாற்றுங்கள். ஒருவர் பால் கொடுக்க, இன்னொருவர் பக்கத்தில் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தால், விடியும்போது வீட்டில் தெளிவான தலை ஒன்றுகூட மிச்சமிருக்காது. உங்கள் சண்டைகளில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

இந்த வயதில் குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாகத்தான் தூங்கும். வயிறு சின்னது. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கேட்கும். பகல் எது, இரவு எது என்று உடம்புக்குப் பிடிபடவே இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகவே இப்போதைக்கு அவளுடைய தூக்கத்தை நீட்ட முடியாது. உங்கள் தூக்கத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பால் கொடுத்து முடித்ததும் உங்கள் மனைவி வேறு அறைக்குப் போய்ப் படுக்கட்டும். கதவைச் சாத்திக்கொள்ளட்டும். அழுகுரல் காதில் விழுந்துகொண்டே இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு மணி வரை குழந்தை உங்கள் பொறுப்பு. நடுவில் பசித்தால், முன்பே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்த தாய்ப்பாலைக் கொடுக்கலாம். அது சரிப்படாவிட்டால் குழந்தையை அவரிடம் கொண்டுபோங்கள். குடித்து முடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்பம் விட வைப்பது, டயப்பர் மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் உங்கள் வேலை. ஒரு மணிக்கு மேல் அவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் தூங்கலாம். நேரத்தை வசதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கு நான்கு மணி நேரமாவது உடையாத தூக்கம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. தூக்கத்திலேயே அவள் முனகுவாள், முகம் சுளிப்பாள், காலை உதைப்பாள், சில நேரம் கண் லேசாகத் திறந்து மூடும். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இப்படி அசைந்துகொண்டே தூங்கும் தூக்கம்தான். முனகல் கேட்டதும் வாரி எடுத்தால், தூங்குகிற பிள்ளையை நாமே எழுப்பியதாகிவிடும். ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். பல நேரம் அவளே மறுபடி அடங்கிவிடுவாள்.

நீங்கள் தூக்கினால் அழுகிறாள் என்பதற்காக மனைவியிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அம்மாவிடம் பால் வாசனை இருக்கிறது, உங்களிடம் இல்லை. விஷயம் அவ்வளவுதான். வயிறு நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துத் தூக்குங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, டயப்பர் மட்டும் போட்ட குழந்தையை நெஞ்சோடு சாய்த்து, முதுகில் ஒரு மெல்லிய துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் உடம்புச் சூடும் இதயத் துடிப்பும் அவளுக்குப் பழகட்டும். இப்போது அவளுக்கு 20, 30 சென்டிமீட்டர் தூரம் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதனால் முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுங்கள். ஆனால் அந்த நிலையில் சோபாவில் கண் அயர்ந்துவிடக் கூடாது. அது ஆபத்து. தூக்கம் வந்தால், தலையணை, பொம்மை எதுவும் இல்லாத சமமான, கெட்டியான படுக்கையில் அவளை மல்லாக்கப் படுக்க வைத்துவிடுங்கள்.

சாயங்கால அழுகை உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் குறைந்துவிடும். அதாவது அடுத்த இரண்டு வாரம் இன்னும் கடினமாக இருக்கலாம். தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்பதால் சொல்கிறேன். என்ன செய்தும் அடங்காமல் உங்களுக்கே கோபம் தலைக்கேறினால், அவளைப் படுக்கையில் பத்திரமாக விட்டுவிட்டு ஐந்து நிமிடம் அடுத்த அறைக்குப் போய் வாருங்கள். அழுவதால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. எக்காரணம் கொண்டும் பிடித்துக் குலுக்கக் கூடாது. மூளையில் ரத்தக் கசிவே ஏற்படலாம்.

பால் விஷயத்துக்கு வருகிறேன். மாலையில் அரை மணிக்கு ஒருமுறை பால் கேட்பதும், மார்பு முன்போல் கனமாக இல்லாததும் பால் குறைந்ததற்கு அடையாளம் ஆகாது. டயப்பரையும் எடையையும் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போகிறாளா? பிறந்தபோது இருந்த எடையைத் தாண்டிவிட்டாளா? இரண்டு வாரத்துக்குள் அந்த எடையை எட்டி, பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறினால் பால் போதுகிறது. நாளைக்கே எடை பார்த்து அந்த எண்ணை மனைவியிடம் காட்டுங்கள். நூறு ஆறுதலைவிட அது அதிகம் உதவும். எடை ஏறவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். புட்டிப்பாலும் சேர்க்கச் சொன்னால் சேருங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். உடம்பு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்துச் சுணங்கிக் கிடந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

உங்கள் மனைவியின் அழுகைதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பிரசவமான சில நாளில் காரணமில்லாமல் கண் கலங்குவது சகஜம். அது இரண்டு வாரத்துக்குள் போய்விட வேண்டும். உங்களுக்கு நான்கு வாரம் ஆகிவிட்டது. தூக்கமின்மையாகவும் இருக்கலாம், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாகவும் இருக்கலாம். புதிதாகத் தாயானவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை, முக்கியமாக மனச்சோர்வு வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் சொன்ன அந்த நான்கு மணி நேரம் கிடைத்தும் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால், எதிலும் பிடிப்பில்லை, தான் நல்ல தாயில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னால், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறது என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாமல் அன்றே போக வேண்டும்.

அப்பாக்களுக்கும் இந்த மனச்சோர்வு வருவதுண்டு. உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, உங்கள் தூக்கத்தையும் கோபத்தையும் பற்றி நீங்களும் சொல்லுங்கள்.