வெயில் வேறு, வெளிச்சம் வேறு

(வாசகர் கேட்கிறார்கள், வேலூர் கடிகாரக்காரர் பதில் சொல்கிறார்)

கேள்வி: ஐயா, சிங்கப்பூரிலிருந்து என் தம்பி வாங்கி வந்த சூரிய ஒளி கைக்கடிகாரத்தை என் கணவர் கட்டியிருந்தார். அவர் மறைந்தபின் இரண்டு ஆண்டுகளாகப் பீரோவில் இருந்தது. அடுத்த மாதம் வேலையில் சேரப்போகும் மகனுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தால், நின்றுபோயிருக்கிறது. மொட்டை மாடியில் அரை மணி நேரம் வைத்தேன், ஓடியது. ஆனால் நொடி முள் இரண்டிரண்டு நொடியாகத் தாவியது. மறுநாள் காலையில் மறுபடியும் நின்றுவிட்டது. செல் போய்விட்டது, 150 ரூபாய்க்கு மாற்றித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: மாற்ற வேண்டாம் அம்மா. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே போய்த் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.

முள் இரண்டிரண்டாகத் தாவுவது பழுது அல்ல. சேமிப்பு குறைந்துவிட்டது, வெளிச்சம் காட்டு என்று வாட்ச் கேட்கிற விதம் அது. அந்த நிலையிலும் நேரம் சரியாகவே இருக்கும். டயலுக்கு அடியில் மெல்லிய சூரியத் தகடு இருக்கிறது. டயலே ஒளியை உள்ளே விடும்படி செய்யப்பட்டிருக்கும். அந்தத் தகடு தரும் மின்சாரம் சின்னதொரு ரீசார்ஜ் செல்லில் சேர்கிறது. இரண்டு ஆண்டு இருட்டில் கிடந்த செல்லுக்கு அரை மணி நேர வெளிச்சம் எம்மாத்திரம்? காய்ந்து கிடக்கும் பாலாற்றில் வரும் முதல் தண்ணீரை மணலே குடித்துவிடும் இல்லையா, அதுபோலத்தான். முழுதும் காலியான செல் நிரம்ப, வகையைப் பொறுத்து, நேர் சூரிய ஒளியிலேயே பத்து மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நிரம்பிவிட்டால் பல வகைகள் இருட்டில்கூட ஆறு மாதம் ஓடும்.

செல்லை மாற்றக் கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 150 ரூபாய்க்குப் போடப்படுவது பெரும்பாலும் சாதாரண சில்வர் ஆக்சைடு செல். அது ரீசார்ஜ் ஆகாது. ஆனால் மேலே இருக்கும் தகடு அதற்குள்ளும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். செல் உப்பும், கசியும், வெடிக்கவும் கூடும். சில ஆண்டுகளுக்கு முன் ஆரணியிலிருந்து ஒரு பெரியவர் இப்படி ஒரு வாட்சைக் கொண்டு வந்தார். வேறெங்கோ செல் மாற்றியிருந்தார்கள். பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸைச் செருகிப் பார்த்தேன். செல்லைச் சுற்றி உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொருக்கு. அதன் ஓரத்தில், செம்புக் கம்பிச் சுருள் இருந்த இடத்தில், பச்சைப் பாசி. மயிரிழையைவிட மெல்லிய கம்பி அது. தொட்டவுடன் உதிர்ந்தது. மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்ததாம். என்னால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மனிதர் வாட்சைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அடுத்தது மொட்டை மாடி. நம் ஊரை வெயிலூர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இவ்வளவு வெயில் இருக்க என்ன கவலை என்று வடகத்தோடு வாட்சையும் தளத்தில் வைத்துவிடுகிறார்கள். அதற்குத் தேவை ஒளி மட்டுமே. சூடு அதற்குப் பகை. 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் இடத்தில் சார்ஜ் செய்யாதீர்கள் என்பது தயாரிப்பாளர்களே தரும் எச்சரிக்கை. கத்திரி வெயிலில் வெறுங்காலால் நிற்க முடியாத தளம் வாட்சுக்கு மட்டும் ஆகுமா? கார் டாஷ்போர்டும் கூடாது.

இப்படிச் செய்யுங்கள். ஒரு துண்டைக் கை மொத்தத்துக்குச் சுருட்டி, அதில் வாட்சைக் கட்டுங்கள். கிழக்கு ஜன்னலில் டயல் வெளியே பார்க்கும்படி, காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை வையுங்கள். இடையிடையே பின்மூடியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நிழலுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு வாரம் விடாமல் இதைச் செய்யுங்கள். முள் நொடிக்கு ஒருமுறை நகரத் தொடங்கியதும் சாவியை (பக்கவாட்டில் இருக்கும் திருகை) இழுத்து நேரத்தைச் சரிசெய்யுங்கள். நின்று எழுந்தபின், நேரத்தைச் சரிசெய்யும்வரை சில வகைகளில் முள் தாளம் தப்பி நகரும், பயப்படாதீர்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகும் இரவில் நிற்கிறதா? நெடுநாள் காலியாகக் கிடந்ததில் செல் உண்மையிலேயே தளர்ந்திருக்கலாம். அப்போது அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில், அந்த மாடலுக்கென்று வரும் ரீசார்ஜ் செல்லையே கேட்டுப் போடுங்கள். செலவு கூடும்தான். அவர் கட்டிய வாட்ச் அம்மா, செய்யலாம்.

கேள்வி: சூரிய ஒளியில் ஓடும் முள் வாட்ச் இப்போது வந்த புதுச்சரக்கா? நம்பி வாங்கலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தாராளமாக வாங்கலாம். சிட்டிசன் நிறுவனம் ஒளியில் ஓடும் முள் வாட்சை 1976-லேயே கொண்டு வந்துவிட்டது. 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கத் தொழில்நுட்பம் தந்ததும் அதே நிறுவனம்தான். உங்கள் அப்பா கட்டியது எச்.எம்.டி. என்றால், ஒருவகையில் இது தெரிந்த குடும்பம்.

கேள்வி: எனக்கு இரவு வேலை, முழுக்கைச் சட்டை. பகலில் தூங்கிவிடுகிறேன். என் சோலார் வாட்ச் மாதம் ஒருமுறை தாவத் தொடங்கிவிடுகிறது. சாவியை இழுத்து வைத்தால் மிச்சமாகுமா? ஜன்னலில் அதிக நேரம் விட்டால் கெட்டுவிடுமா?
– வாசகர், காட்பாடி

பதில்: கெடாது. அளவுக்கு மேல் சார்ஜ் ஆகாமல் தடுக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. சாவியை இழுத்து வைக்க வேண்டாம். அந்த இடைவெளியில் ஈரம் இறங்கும்.

குறை உங்கள் சட்டைக் கையில் இருக்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நேர் வெயிலின் ஒளி சுமார் ஒரு லட்சம் லக்ஸ்; மேகம் மூடிய நாளில்கூட வெளியே பத்தாயிரம் கிடைக்கும். டியூப் லைட் அறையிலோ ஐந்நூறு போல. வெயிலில் சில நிமிடத்தில் கிடைக்கும் ஒரு நாள் தீனிக்கு டியூப் லைட்டில் சில மணி நேரம் ஆகும். அந்த ஐந்நூறையும் சட்டைக் கை மறைத்தால் வாட்ச் எதைத் தின்னும்? வேலையில் இருக்கும்போது சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்துவிடுங்கள். தூங்கப்போகும்போது வாட்சைத் தலையணைக்கு அடியில் வைக்காமல், திரைச்சீலைக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் நடுவில் வையுங்கள். மேற்கு ஜன்னல் வேண்டாம், பிற்பகலில் கொதிக்கும். வடக்கு ஜன்னலே போதும்.