எது சிலுவை? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

சீஷத்துவத்துக்கு, அதாவது இயேசுவைப் பின்பற்றுவதற்கு, விலை உண்டு, இன்றைய சபைகள் அதை மறைத்து ஆசீர்வாதத்தை மட்டும் விற்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. 83 கலவரத்தில் வீடு எரிந்து முகாமில் இருந்தோம். 2022இல் காஸ் வரிசையில் விடிய விடிய நின்றேன். இவ்வளவும் பட்ட நாங்கள் ஞாயிற்றுக்கிழமையில் ‘உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்’ என்று கேட்டு ஆறுதலடைந்தால் உங்களுக்கு என்ன குறைகிறது? இன்னும் எத்தனை சிலுவை வேண்டும்? மகனுக்குக் கனடா விசா இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள். எனக்கு விசுவாசம் போதாது என்கிறார் போதகர். உபவாசம் இருக்கிறேன். அதுவும் பிழையா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் விசா. மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருப்பார்கள், எடுத்து வாசியுங்கள். பெரும்பாலும் போன பிள்ளை திரும்பி வராது என்ற சந்தேகம்தான். ஆக, விசுவாசம் குறைந்தவர் அந்த அதிகாரி. நீங்கள் உபவாசம் இருங்கள், அதில் பிழை ஒன்றுமில்லை.

என் கட்டுரையில்தான் பிழை இருந்தது. துன்பத்தையும் சிலுவையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். உங்கள் வீட்டை எரித்தவர்கள் உங்களிடம் கேட்டுவிட்டு எரிக்கவில்லை. அது காயம், அதற்கு மருந்துதான் போடவேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைத் தேவாலயக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களையும் நான் இதற்கு உதாரணமாக இழுக்கமாட்டேன். அவர்கள் பூசை காணப் போனவர்கள். சிலுவையைப் பற்றி லூக்கா 9:23 சொல்வது ‘எடுத்துக்கொண்டு’ வருவதை. கீழே வைத்துவிட்டும் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அப்படிப்பட்டதைத் தூக்குவதுதான் விலை.

ஆறுதலோடு எனக்குச் சண்டையில்லை. சண்டை அந்த வாக்குத்தத்த அட்டையோடு. வருடப் பிறப்பு ஆராதனையில் தட்டிலிருந்து ஒன்றை எடுப்போமே, பொன்னிற ஓரம் வைத்தது. என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இப்போது ஒட்டியிருப்பது எரேமியா 29:11. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ நல்ல வசனம். ஆனால் அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதம். முந்தின வசனத்திலேயே 70 வருடம் என்று இருக்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பாதிப்பேர் ஊர் திரும்பியிருக்கமாட்டார்கள். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார் எரேமியா. அட்டை அடித்தவருக்கு அதற்கு இடம் போதவில்லை.

வசதியான சுவிசேஷம் நேற்று வந்ததும் இல்லை. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1656இல் கொழும்பைப் பிடித்தார்கள். அப்புறம் பதவி வேண்டுமென்றால் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் எடுக்கவேண்டும். கலியாணமும் பிள்ளைகளின் பெயரும் சபைத் தோம்பில், அதாவது பதிவேட்டில், ஏறினால்தான் சொத்துரிமைக்குச் சிக்கலில்லை. கூட்டமாக வந்து எடுத்தார்கள். 1796இல் பிரிட்டிஷார் வந்து கட்டாயம் தளர்ந்ததும் கூட்டமாகவே கழன்றார்கள். கொழும்பில் ஒல்லாந்தர் கட்டிய வுல்ஃபெண்டால் தேவாலயத்தின் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

அதே ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை இருந்தபோது கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து இறங்கினார் யோசப் வாஸ் என்ற குரு. கண்டியில் உளவாளி என்று சிறையில் போட்டார்கள். 1697இல் அங்கே அம்மை பரவி ஊர் ஓடியபோது அவர் ஓடாமல் இருந்து நோயாளிகளைப் பார்த்தார். பேசாமல் கோவாவில் இருந்திருக்கலாம். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

சரி, அவ்வளவு தூரம் ஏன்? என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். தங்கைக்கு வரன் தேடி ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கு அப்பாவோடு போனேன். அப்பா சபை மூப்பர். அன்று காலையில்தான் ‘யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை’ என்ற வசனத்தை வைத்துக் குடும்ப ஜெபம் நடத்தியிருந்தார். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. படிவத்தில் நான் ‘கிறிஸ்தவ’ என்று தொடங்கியதைப் பார்த்துவிட்டு மேசையில் இருந்த பையன், “சாதி போடேல்லையோ, ஐயா?” என்று கேட்டான். அப்பா ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. “போடுங்கோ. அதை முன்னுக்குப் போடுங்கோ.” ஒரு சொல்லுக்குக் கூடுதலாகக் காசு கொடுத்தோம்.

அந்த ஒரு சொல்லை விட்டிருந்தால் வரன் வருவது பிந்தியிருக்கும், சொந்தக்காரர் நாலு பேர் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். எங்களுக்கு அன்று இருந்த சிலுவை அந்த அளவுதான். அப்பாவை மட்டும் குறை சொல்லமுடியாது. பேனா என் கையில்தான் இருந்தது, ‘கிறிஸ்தவ’ என்பதற்கு முன்னால் ஒரு அம்புக்குறி போட்டு மேலே எழுதினேன். இரண்டு வாரத்தில் ஒன்பது கடிதம் வந்தது. குடும்ப ஜெபத்தில் நன்றி செலுத்தினோம்.